கண்ணமங்கலத்துக் கடுதாசிகளும் ஒரு கால்பந்து அணியும்

சங்கச் செயலாளர் போன் செய்து, "மலருக்கு ஏதாவது எழுதுய்யா, பாலம் கட்டுற கதை மட்டும் வேண்டாம்" என்றார். எனக்குத் தெரிந்ததோ சிமெண்டும் கம்பியும்தான். சரித்திரம் நான் முறையாகப் படித்ததில்லை. ஆனாலும் போன வருஷம் பொங்கலுக்குக் கண்ணமங்கலம் போனபோது பரண்மேல் இருந்து இறக்கிய ஒரு கறுப்பு ட்ரங்க் பெட்டி என்னைச் சும்மா விடவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிழை இருந்தால் சரித்திரத் துறை நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் ஆரணிக்கு முன்னால் வரும் ஊர் கண்ணமங்கலம். பஸ்ஸில் போகிறவர்கள் டீ குடித்த ஊராக நினைவில் வைத்திருப்பார்கள். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. காட்பாடி–விழுப்புரம் ரயில்பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனும் உண்டு. பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் அது. சுற்றியுள்ள கிராமங்களிலும் கதை ஏறக்குறைய இதேதான். மானாவாரி நிலத்தை நம்பி எத்தனை அண்ணன் தம்பி பிழைக்க முடியும்? மழை பொய்த்த வருஷம் ஆள் எடுக்கும் முகாமில் கூட்டம் அதிகம் என்று தாத்தா சொல்வார்.

தாத்தா 1954-ல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். ட்ரங்க் பெட்டி அவருடையது. உள்ளே பழைய கம்பளி, ஒரு மெடல், துணிப்பையில் கட்டி வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். இன்லண்ட், போஸ்ட் கார்டு, கவர் எல்லாம் கலந்து கிடந்தன. பாட்டி எழுதியவை என்று நினைத்துக் கூச்சத்தோடுதான் பிரித்தேன். பாட்டி எழுதியது ஒன்றுகூட இல்லை. அத்தனையும் தாத்தாவின் நான்கு சிநேகிதர்கள் எழுதியவை. பெரும்பாலான கடிதங்களில் ஏதோ ஒரு மூலையில் "எம்.ஆர்.சி." என்ற மூன்றெழுத்து இருந்தது.

எம்.ஆர்.சி. என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டனுக்கு அந்தப் பயிற்சி மையம் வந்தது 1947-ல். அங்கே ஒரு கால்பந்து அணி இருந்தது. சாதாரண அணியா அது! நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை 1955-லும் 1958-லும் வென்ற அணி. 1888-ல் சிம்லாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக ஆரம்பித்த போட்டி அது. 1940-ல்தான் முதன்முதலாக முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற இந்திய அணி அதை வென்றது. அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து நம் தென்னாட்டுப் பட்டாளத்துப் பையன்கள் டெல்லிக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதை நம் பாடப்புத்தகம் எதிலும் நான் படித்ததாக ஞாபகம் இல்லை.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், 1953-ல் வெலிங்டனில் சேர்ந்தவர், நல்ல உயரம். ஆரம்பத்தில் அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக என்பதுதான் வேடிக்கை. கோல் போட வந்தவர் கோலைக் காப்பவராக மாறினார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்தார். 1960-ல் ராணுவ அணி சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றபோது கேப்டனும் அவரே. கடிதங்களில் அவர் பெயர் வரும் இடமெல்லாம் "நம்ம தங்கராஜ்" என்றுதான் இருக்கிறது.

ஐந்து பேரும் கண்ணமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள். நான்கு பேர் வெலிங்டனில் பயிற்சி பெற்று வேறு வேறு பட்டாலியனுக்குப் பிரிந்து போனவர்கள். ஐந்தாமவர் சிக்னல்ஸில் சேர்ந்து ஜபல்பூருக்குப் போனவர். ஆனாலும் அவருக்கும் எம்.ஆர்.சி.தான் சொந்த டீம். ஒருவர் காஷ்மீரில், ஒருவர் பஞ்சாபில், ஒருவர் வடகிழக்கில். ஒரே நேரத்தில் ஐவருக்கும் லீவு கிடைத்ததாக ஒரு கடிதத்திலும் காணோம்.

சரி, கடிதத்தில் என்னதான் எழுதினார்கள்? ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி, மூன்று வரி. மீதியெல்லாம் வீட்டுச் சமாச்சாரம். லீவில் ஊருக்குப் போய் வந்தவர் மற்ற நால்வர் வீட்டுக்கும் நடந்துபோய்ப் பார்த்து வந்து எழுதியிருக்கிறார். உன் அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை, நாகநதியில் தண்ணீர் ஓடுகிறது, செவலைப் பசு கன்று போட்டது, கிணற்றில் கவலை ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, உன் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான், படவேட்டு ஆடி வெள்ளிக்கு உன் பேரில் கற்பூரம் ஏற்றினேன். இப்படியே போகும். ஒரு கடிதத்தில் காட்பாடியில் இறங்கி மீட்டர்கேஜ் வண்டியைத் தவறவிட்டு ராத்திரி முழுக்கப் பிளாட்பாரத்தில் படுத்த கதை ஒரு பக்கத்துக்கு வருகிறது. கடைசியில்தான் "பேப்பரில் பார்த்தாயா, நம்ம டீம் ஜெயிச்சுது" என்று வரும்.

முதலில் எனக்கு இது புரியவில்லை. ஆட்டத்துக்காகச் சேர்ந்தவர்கள் ஏன் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு கொஞ்சமாக எழுதினார்கள்? பத்துப் பதினைந்து கடிதம் படித்த பிறகு ஒன்று தோன்றியது. அந்தக் காலத்து ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்கு, "உன் நினைப்பாக இருக்கிறது" என்று எழுத மாட்டான். எழுதினால் சிரிப்பார்கள். "டூரண்ட் ஆரம்பிச்சாச்சு" என்று எழுதலாம். ஆட்டம் ஒரு சாக்கு. கடுதாசி போட ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை எம்.ஆர்.சி. கொடுத்தது. இது என் ஊகம்தான். தாத்தா இருந்திருந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று மறுத்திருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லையில் இருக்கும் சிப்பாய் தான் இருக்கும் இடத்தை எழுதக்கூடாது. முகவரி என்பது நம்பர், பட்டாலியன், 56 ஏ.பி.ஓ., அவ்வளவே. ஊர்ப்பெயர் கிடையாது. முதல் உலகப் போரிலேயே பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்துப் பார்க்க வெள்ளைக்காரன் பூலோன் நகரில் தணிக்கை அலுவலகம் வைத்திருந்தான். அங்கே எடுத்து வைத்த கடிதப் பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. படை எங்கே போகிறது என்பதை எழுதக்கூடாது, சரி. மாடு கன்று போட்டதையும் பந்து கோலுக்குள் போனதையும் எழுதினால் யார் தடுப்பார்கள்? அதே போரில் இங்கிலாந்தில் 1914 டிசம்பரில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டில் கால்பந்துக்காரர்களுக்கும் ரசிகர்களுக்குமாக ஒரு தனி பட்டாலியனே அமைத்தார்கள். நம் பக்கம் கல்கத்தாவில், தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்கு, 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கிளப் விட்டு வந்த மண்ணின் பெயராகவே இருந்தது. ஆகவே நம் ஐவர் செய்தது உலக அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் நடந்தது.

1962-க்கு வருகிறேன். அந்த வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதி ஆட்டம். தென் கொரியாவை இந்தியா 2–1 என்று வென்றது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். பயிற்சியாளர் ரஹீம் சாகிப். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் ஊரே கோபமாக இருந்தது. அரங்கமே நம் அணிக்கு எதிராகக் கத்தியது. அன்று நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்து கோலில் நின்றவர் தங்கராஜ். அதற்குள் அவர் ராணுவத்தை விட்டுக் கல்கத்தா கிளப்புக்குப் போய்விட்டார். இருந்தால் என்ன? செப்டம்பரில் தாத்தாவுக்கு வந்த மூன்று கடிதங்களிலும் "நம்ம தங்கராஜ்" இருக்கிறார். அவற்றில் ஒன்று சிக்னல்ஸ்காரர் எழுதியது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும் தையில் லீவு கேட்டிருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறார்.

ஜகார்த்தா முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 20-ல் சீனப் போர் ஆரம்பமானது. சிக்னல்ஸ்காரரின் கடிதம் நின்றது. மற்ற மூவரின் கடிதங்களிலும் அவரைப் பற்றி விசாரிப்பு. தகவல் உண்டா? அவன் வீட்டுக்கு ஏதாவது வந்ததா? ஒருவர், ஊர் போனபோது அந்த அம்மாவைப் போய்ப் பார்க்காமலே திரும்பிவிட்டேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் எம்.ஆர்.சி. என்ற எழுத்தே இல்லை. இதைக் கவனித்தபோது மணி ராத்திரி ஒன்று. தூங்க முடியவில்லை.

சீனா பிடித்து வைத்திருந்த நம் வீரர்களை 1963 மே மாதத்துக்குள் திருப்பி அனுப்பியது. அந்த ஜூன் மாத முத்திரையோடு ஒரு போஸ்ட் கார்டு இருக்கிறது. சிக்னல்ஸ்காரர் எழுதியது. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. அம்மாவுக்குக் கண் தெரிகிறதா, தங்கை கல்யாணம் நடந்ததா, கிணறு வற்றிவிட்டதா என்று வரிசையாகக் கேட்கிறார். ஏழு மாதம் எங்கே இருந்தார், என்ன பட்டார் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. கடைசி வரி: "டூரண்டில் நம்ம டீம் எது வரைக்கும் போச்சு?"

1962-ல் டூரண்ட் கோப்பைப் போட்டியே நடக்கவில்லை. போரால் நின்று போனது. அது அவருக்கு எப்படித் தெரியும்? தாத்தா என்ன பதில் எழுதினார் என்பது நமக்குக் கிடைக்க வழியில்லை. வந்த கடிதம்தான் வீட்டில் இருக்கும், போன கடிதம் இருக்காது. கடிதங்களை வைத்துச் சரித்திரம் எழுதுவதில் இது ஒரு பெரிய சங்கடம். தங்கை கல்யாணத்துக்கு நால்வரும் சேர்ந்து பணம் அனுப்பியது மட்டும் அடுத்தடுத்த கடிதங்களில் தெரிகிறது.

பிறகு டூரண்டில் 1963, 64, 65 மூன்று வருஷமும் மோகன் பகான் வென்றது. எம்.ஆர்.சி. பேச்சு கடிதங்களில் குறைகிறது. குழந்தைகள் பேச்சு கூடுகிறது. தாத்தா 1970-ல் ஓய்வு பெற்று வந்ததும் கடிதம் நிற்கிறது. எல்லோரும் அடுத்தடுத்த ஊரில் இருக்கும்போது யார் எழுதுவார்கள்? தங்கராஜ் 2008-ல் பொக்காரோவில் காலமானார். பேப்பரில் சின்னதாக வந்த செய்தியைத் தாத்தா கத்தரித்து அந்தத் துணிப்பையில் போட்டிருக்கிறார்.

2008 என்றதும் நம் ஹாஸ்டல் நினைவுக்கு வருகிறது. அந்த மே 21 ராத்திரி, செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில், மாஸ்கோவில் நடந்த மான்செஸ்டர்–செல்சி ஆட்டத்தை டி.வி. ரூமில் நெருக்கியடித்துப் பார்த்தோமே! டெர்ரி வழுக்கி விழுந்தபோது போட்ட கூச்சலுக்கு வார்டன் வந்துவிட்டார். அன்றைக்கு இருந்த பதினொரு பேரும் இன்று துபாய், சிங்கப்பூர், ஹூஸ்டன், பெங்களூர் என்று சிதறிக் கிடக்கிறோம். வாட்ஸப்பில் குழு இருக்கிறது. ஒரு சனிக்கிழமையில் இருநூறு செய்தி ஓடும், அத்தனையும் ஆட்டம். எங்களில் ஒருவனுடைய அப்பா காலமான சேதி எங்களுக்கு நாலு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அந்த நாலு மாதமும் அவன் குழுவில்தான் இருந்தான், கோலுக்குக் கைதட்டிக்கொண்டு.

அந்தப் போஸ்ட் கார்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். வெகுநேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஹூஸ்டன்காரன் தன் மகளுக்கு ஆஸ்துமா என்று எழுதினான்.

ஒரு வேண்டுகோள். கண்ணமங்கலம், ஆரணி, போளூர், வேலூர்ப் பக்கத்து மாணவ மாணவியர் வீட்டுப் பரணில் இப்படிப் பட்டாளத்துப் பெட்டிகள் நிச்சயம் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் பாருங்கள். சங்கமம் அன்று மதியம் நூலகத்தில் ஒரு மேசை கேட்டு வாங்கியிருக்கிறேன். கடிதங்களைக் கொண்டு வந்தால் அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தந்துவிடுவேன். தாத்தா எழுதிய பதில் ஒன்றாவது யார் வீட்டிலாவது இருக்கக்கூடும். ஊதா மையில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.