மாடோட்டியின் புதிய மூக்கு

சென்ற பருவத்தில் ஒரு நாள், காரிமங்கலத்தில் எங்கள் வகுப்பில் பொருள்களின் மீட்சிப் பண்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இழுத்து விட்டால் பழைய வடிவுக்கே திரும்புவது மீட்சித் தன்மை. திரும்பாமல் புதிய வடிவிலேயே நின்றுவிடுவது பிளாஸ்டிக் தன்மை என்று சொல்லி முடித்ததும், பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், பிளாஸ்டிக் சர்ஜரி என்கிறார்களே, முகத்தில் பிளாஸ்டிக்கை வைத்தா தைக்கிறார்கள்?”

வகுப்பு சிரித்தது. ஆனால் சிரிப்பு உடனே அடங்கிவிட்டது. கேட்ட பெண்ணின் கன்னத்தில், சிறு வயதில் கொதிநீர் பட்ட தழும்பு இருந்தது. அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. அன்று நான் இரண்டு வாக்கியங்களில் சொன்ன பதிலை, இன்று உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

‘பிளாஸ்டிக்’ என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதுபோல் ‘உருவாக்கத்தக்க’ என்பது அதன் பொருள். ஜெர்மானிய அறுவை மருத்துவர் கிரேஃபே, மூக்கைச் சீரமைக்கும் கலைக்கு இச்சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டு நூல் எழுதியது 1818-ஆம் ஆண்டில். முதல் செயற்கைப் பிளாஸ்டிக்கான பேக்கலைட் தோன்றியதோ 1907-ஆம் ஆண்டில்தான். ஆகவே, இந்தச் சிகிச்சைக்கும் நம் வீட்டுக் குடத்துக்கும் பெயரில் மட்டுமே உறவு. இதில் முகத்துக்கு உருக்கொடுப்பது பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோலும் தசையும் எலும்புமேயாகும்.

நம் நாட்டில் மூக்கறுப்பு

ஒருவன் அவமானப்பட்டான் என்பதற்கு ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். இது வெறும் உவமை அன்று. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், திருமலை நாயக்கர் காலத்தில், மைசூர்ப் படை தமிழகத்துள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. மதுரைப் படை பதிலுக்கு அதையே செய்தது. வரலாற்றில் அதற்கு ‘மூக்கறு போர்’ என்றே பெயர். உயிரை விட்டுவிட்டு முகத்தைக் குலைப்பது, மனிதனை ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் செய்யும் தண்டனையாக இருந்தது.

அறுக்கப்பட்ட மூக்கைத் திரும்ப உண்டாக்கும் கலையும் இந்நாட்டில் பழமையானதே. சுசுருத சங்கிதை என்னும் ஆயுர்வேத நூல், மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்துப் பொருத்தும் முறையைக் கூறுகிறது. மூச்சு விடுவதற்காகத் துளைகளில் குழல் வைக்கவும் சொல்கிறது.

இந்தக் கலையை உலகம் முழுதும் அறியச் செய்த நிகழ்ச்சிக்கும் நமது வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அடங்கிய பகுதி அன்று பாரமகால் எனப்பட்டது. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தப் போரில் படைகளின் உணவும் குண்டும் மாடுகளின் முதுகிலும் வண்டியிலுமே சென்றன. மாடோட்டி இல்லையேல் படை இல்லை.

அப்படி ஆங்கிலப் படையில் இருந்த மராட்டிய மாடோட்டி ஒருவர் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டார். அவர் பெயர் கோவாஸ்ஜி. அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு அவர் மூக்கில்லாமல் வாழ்ந்தார். பிறகு பூனாவுக்கு அருகில், செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை உண்டாக்கினார். அதைத் தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் நேரில் கண்டனர். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கோவாஸ்ஜியைப் படமாக வரைந்தார். இலண்டனிலிருந்து வந்த ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ என்ற திங்களிதழ் 1794 அக்டோபரில் செய்தியைப் படத்துடன் வெளியிட்டது.

நோயாளியின் பெயர் நமக்குக் கிடைத்தது; பார்த்தவர்கள் பெயரும் வரைந்தவர் பெயரும் கிடைத்தன. செய்து முடித்தவர் பெயரை மட்டும் அந்தச் செய்தி குறிக்கவில்லை.

கத்திக்கு முன்னும் பின்னும்

அந்தச் செய்தியைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று விளங்கும். அதில் கத்தியின் வேலை சிறு பகுதிதான். கத்திக்கு முன்னும் பின்னும் நடந்தவையே மிகுதி.

முதலில் அறுபட்ட இடத்தின் மேல் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு வடிவில் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்தார்கள். அந்தக் கோட்டின்படி தோலை உரித்தார்கள். ஆனால் இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டார்கள். தோலை அந்தப் பட்டையிலேயே திருப்பிக் கீழே இறக்கி, மூக்கின் ஓரத்தைச் செதுக்கிப் புண்ணாக்கி, அதில் பொருத்தினார்கள். வெற்றிலையுடன் போடும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி, ஐந்தாறு அடுக்காக வைத்தார்கள். நான்கு நாள் அதைத் தொடவில்லை. பிறகு நெய்யில் நனைத்த துணியை வைத்தார்கள். நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருந்தார். பத்தாம் நாள் மூக்குத் துளைகளில் மெல்லிய துணி வைக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில்தான் கண்களுக்கு நடுவிலிருந்த பட்டையை அறுத்தார்கள்.

ஏன் இருபத்தைந்து நாள்? அந்தப் பட்டை வெறும் தோல் அன்று. இரத்தம் வரும் குழாய். வயலில் பிடுங்கி நட்ட நாற்று வேர் விடும்வரை வாடுகிறதல்லவா? இங்கே தாய்ச் செடியின் தொடர்பை அறுக்காமலே நட்டு, புதிய இடத்தில் வேர் பிடித்த பிறகு தொடர்பை அறுக்கிறார்கள். புதிய மூக்கில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்து அடியிலுள்ள திசுவோடு இணைய அத்தனை நாள் ஆகிறது. இன்றும் நெற்றித் தோலால் மூக்கை உண்டாக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் மூன்று வாரம் கழித்தே அந்தப் பட்டையை அறுக்கிறார்கள்.

அளவு எடுத்ததற்கும் காரணம் உண்டு. நம் உடம்பில் தோல் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது, மேளத்தின் மேல் கட்டிய தோலைப்போல. அறுத்தவுடன் அது சுருங்கும். வட்டமாகத் துளையிட்டால் துளை நீள்வட்டமாகிவிடும். வியன்னாவைச் சேர்ந்த உடற்கூற்றியலார் கார்ல் லாங்கர் இதை ஆராய்ந்து, இழுவிசை ஓடும் திசைகளை உடல் முழுதும் கோடுகளாக வரைந்து 1861-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கோடுகளின் போக்கிலேயே அறுத்தால் வடு நூல்போல் மெலிந்து நிற்கும். குறுக்கே அறுத்தால் இழுபட்டு அகலும். ஆகவே வடுவே இல்லாத அறுவை இல்லை. வடுவை எங்கே வைப்பது என்பதே மருத்துவரின் திறமை. கோவாஸ்ஜியும் மூக்கைப் பெற்றார். அதற்கு விலையாக நெற்றியில் ஒரு வடுவைப் பெற்றார்.

இலண்டனிலிருந்து வேலூர் வரை

இச்செய்தி ஐரோப்பாவுக்குப் போனபின், ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில அறுவை மருத்துவர் பிணங்களின் மீது இந்திய முறையைப் பழகினார். அவசரப்படவில்லை. 1814 அக்டோபரில்தான் ஒரு படை அதிகாரிக்கு அதைச் செய்தார். 1816-ஆம் ஆண்டில் தம் இரண்டு நோயாளிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அறுவையின்போது மயக்க மருந்து கொடுக்கும் வழக்கம் 1846-க்குப் பின்பே பரவியது என்பதை நினைத்துப் பாருங்கள்!

தமிழகத்தில் இக்கலை மனிதருக்கு வாழ்வளித்த இடங்களில் வேலூர் முக்கியமானது. அங்கே 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். ஆனால் கை சீரானாலும், அமிழ்ந்த மூக்கும் உதிர்ந்த புருவமும் நோயைக் காட்டிக்கொடுத்தன. நோய் குணமானவரையும் ஊர் ஏற்கவில்லை. எனவே மூக்கைத் தூக்கி நிறுத்துவதும், தலைத் தோலிலிருந்து புருவம் அமைப்பதும் அங்கே சிகிச்சையின் பகுதியாயின. அதை ‘அழகுக்காக’ என்று யாரேனும் ஏளனம் செய்ய முடியுமா?

நீங்கள் அறிய வேண்டியவை

இன்று தழும்பு, மூக்கு, முடி, மச்சம் என்று எல்லாவற்றுக்கும் விளம்பரம் வருகிறது. கருவி மாறியிருக்கிறது, தோல் மாறவில்லை. ஆகவே கோவாஸ்ஜியின் கதை சொல்லும் பாடமும் மாறவில்லை.

கத்திக்கு முன்: செய்யப்போகிறவர் யார் என்று கேளுங்கள். பூனாவின் கைவினைஞர் அந்தத் தொழிலையே பழகியவர். இன்று அதற்குச் சமமானது முறையான அறுவைப் பயிற்சியும் மருத்துவக் கவுன்சில் பதிவும். முடி நடுவதுகூட உரிய பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டியது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. வடு எங்கே விழும், எத்தனை முறை அறுவை தேவைப்படும், தவறினால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்பிரின் போன்ற மருந்து, முன்பு ஏதேனும் தழும்பு தடித்து வளர்ந்தது ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். பீடி, சிகரெட்டை மருத்துவர் சொல்லும் காலத்துக்கு முன்னதாகவே நிறுத்துங்கள். நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும். ஒட்டிய தோல் கருகிப்போகும்.

கத்திக்குப் பின்: கட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். காசுக்கட்டியும் நெய்யும் அந்தக் காலத்தோடு போகட்டும். கொடுத்த மருந்தைத் தவிர வேறெதையும் தடவாதீர்கள். வலி கூடினாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும், ஒட்டிய தோல் கறுத்தாலும் வெளுத்துக் குளிர்ந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். புது வடுவை வெயிலில் காட்டாதீர்கள். புற ஊதாக் கதிர் அதைக் கறுக்கச் செய்யும். கண்ணாடியின் முன் நின்று முதல் மாதத்திலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். வீக்கம் வடியவும், வடு சிவப்பு மாறி மென்மையாகவும் ஓராண்டு கூட ஆகலாம்.

அன்று அந்த மாணவிக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. “பிளாஸ்டிக் இல்லையம்மா, உன் தோல்தான். ஆனால் தழும்பு அடியோடு மறையும் என்று யாராவது சொன்னால் அவரிடம் போகாதே” என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “மறையாவிட்டாலும் பரவாயில்லை சார். வாய் திறக்கும்போது இழுக்கிறது. அது சரியானால் போதும்” என்றாள்.

என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மருத்துவரைப் பார்க்கப் புறப்படுமுன் நமக்கும் முதலில் வேண்டியது அந்தத் தெளிவுதான்.