நெடுங்காட்டுப் பூச்சி வாஷிங்டன் போன கதை

வேதாரண்யம் என்றதும் உப்பும், 1930-ல் ராஜாஜி நடத்திய சத்தியாகிரகமும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அங்கே வீட்டில் ரோஜா வளர்ப்பவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்லக்கூடும். இலை ஓரத்தில் காம்பஸ் வைத்து வரைந்தது போல வட்டமாக வெட்டு விழுந்திருக்கும். புழு தின்றுவிட்டது என்று மருந்து அடிப்பவர்கள்தான் அதிகம். பாவம், அது இலைவெட்டித் தேனீயின் வேலை!

இது இலையைத் தின்பதில்லை. வெட்டிய துண்டை மூங்கில் துளைக்கோ காய்ந்த தண்டின் உள்ளே இருக்கும் பொந்துக்கோ கொண்டுபோய், கிண்ணம் போலச் சுருட்டி, மகரந்தம் வைத்து, ஒரு முட்டையிட்டு மூடிவிடும். ராணி, வேலைக்காரி என்ற ஏற்பாடெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனிக்குடித்தனம்தான். மகரந்தத்தைக் காலில் சுமக்காது, வயிற்றின் அடியில் இருக்கும் முடியில் சுமக்கும்.

நம் நாட்டு இலைவெட்டிகளில் ஒன்று மெகாகைல் ஆந்த்ரசினா. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் ஸ்மித் 1853-ல் வைத்த பெயர் இது. பிறகு 1897-ல் ராணுவ அதிகாரி பிங்ஹாம், இந்தியாவின் குளவிகள், தேனீக்கள் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் அந்தக் காலத்துப் பூச்சிகள் பலவற்றின் சீட்டில் ஊர் என்ற இடத்தில் 'இந்தியா' என்று மட்டும் இருக்கும். எந்த ஜில்லா, எந்த மாதம்? யாரைக் கேட்பது!

இந்த இடத்தில்தான் பி. சூசைநாதன் வருகிறார். வேதாரண்யத்துக்கு வடக்கே, நாகப்பட்டினத்தையும் தாண்டி, காரைக்கால் பக்கம் இருக்கும் நெடுங்காட்டுக்காரர். பூச்சி பிடித்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு விற்பதே அவர் தொழில். சீட்டு இல்லாத பூச்சி பில் இல்லாத சரக்கு மாதிரி என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெடுங்காடு, குரும்பகரம், வாளையாறு, ஆனைமலை என்று ஊர், தேதி, சில சீட்டுகளில் மலையின் உயரம்கூட அச்சாகியிருக்கும். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதனால் ஒரே ஊர்ப் பூச்சியின் சீட்டில் காரைக்கால் பிரதேசம் என்றும் இருக்கும், பாண்டிச்சேரி ஸ்டேட் என்றும் இருக்கும். தேனீக்கு ஏது எல்லை?

வாஷிங்டன், லண்டன் இழுப்பறைகளில் குரும்பகரம் என்ற பெயர் இருக்கிறது. நம் பக்கத்துப் பாடப்புத்தகங்களில் சூசைநாதன் பெயர் இல்லை. அவர் பெயரைச் சேர்த்துப் பெயரிடப்பட்ட பூச்சிகள் மட்டும் நிறைய.

இதே மெகாகைல் இனத்தைச் சேர்ந்த இந்தோனேசிய ராட்சதத் தேனீ ஒன்று 2018-ல் இணைய ஏலத்தில் 9,100 டாலருக்குப் போனது. நல்லவேளை, 2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு நம் பூச்சிகளை அப்படி இஷ்டத்துக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆனால் அனுப்பியவைதான் இன்று நமக்கு ஆதாரம் என்பதையும் மறுக்க முடியவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது கோடியக்கரைக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்பு இந்தக் கரையோரத்தில் எந்தெந்தத் தேனீ பறந்தது, எந்த மாதம் பறந்தது என்று யாராவது கேட்டால் பெரியவர்களால் ஞாபகத்திலிருந்து சொல்ல முடியாது. ஊசியில் குத்திய பூச்சியும் அதன் கீழே இருக்கும் சின்னச் சீட்டும்தான் சொல்லும். அருங்காட்சியகங்கள் இப்போது அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றி வருகின்றன. சில ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வயிற்று முடியில் ஒட்டியிருக்கும் பழைய மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, அந்தத் தேனீ எந்தப் பூவிலிருந்து அதை எடுத்தது என்றே கண்டுபிடிக்கிறார்கள்.