வில்லைகளின் ஓரவஞ்சனை

மாணவர்களை ஆண்டுக்கொரு முறை கல்வெட்டு வாசிப்புப் பயணம் அழைத்துச் செல்வது எங்கள் துறையின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு சோழர் காலச் சிவன்கோயில் ஒன்றுக்குப் போயிருந்தோம். கருவறையின் புறச்சுவருக்கும் பிற்காலத்தில் எழுப்பிய மதிலுக்கும் இடையே இரண்டு முழம் இருந்தால் அதிகம். பின்னால் நகர இடமில்லை. மைப்படி எடுக்க அனுமதியும் கிடையாது. அதற்கான கைப்பழக்கமும் எங்களிடம் இல்லை. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய அகலக்கோண லென்ஸைக் கேமராவில் பொருத்தி, அதிட்டானத்தின் ஒரு பக்கத்தை முழுமையாக ஒரே படத்தில் அடக்கிவிட்ட மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினோம்.

வகுப்பறைத் திரையில் இட்டுப் படித்தபோதுதான் வினை தெரிந்தது. நந்தாவிளக்கு ஒன்று எரிக்க ஆடுகள் விட்ட செய்தி அது. படத்தின் நடுவில் இருந்த அரசன் பெயரும் ஆட்சியாண்டும் பளிங்குபோல் தெளிவு. ஆடுகளின் தொகையோ வலது கீழ்மூலையில் கரைந்து கிடந்தது. ௯௰ என்று பாதிப் பேரும் ௯௰௬ என்று மீதிப் பேரும் படித்தார்கள். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு என்பதும் தொண்ணூற்றாறு என்பதும் சோழர் கல்வெட்டுகளில் உள்ள கணக்குகளே. தஞ்சைப் பெரிய கோயிலில் தொண்ணூற்றாறு. எனவே பொருளை வைத்து ஊகித்துத் தப்பிக்கவும் வழியில்லை. ஒளியியல் எங்கள் துறையன்று. ஆயினும் அந்த மூலை எங்களை உறங்கவிடவில்லை. நடுவுக்கு ஒரு நீதியும் ஓரத்துக்கு ஒரு நீதியுமாக இந்த வில்லைகள் ஏன் நடந்துகொள்கின்றன, அவற்றுள் எது மேல் என்று எப்படி அளந்தார்கள் என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே இந்த ஓரவஞ்சனை இருக்கிறது. 1840-இல் வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் என்னும் கணிதப் பேராசிரியர் கணக்கிட்டுத் தந்த உருவப்பட வில்லை, அதற்கு முன்பிருந்தவற்றைவிடப் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டது. முகம் நடுவில் கூர்மையாக விழும். காதைத் தாண்டினால் கரையத் தொடங்கும். உருவப்படத்துக்கு அது குறையாகப் படவில்லை. கட்டடத்தையும் தெருவையும் எடுக்க வந்தவர்களுக்கே அது தொல்லையாயிற்று. வில்லையின் நடுவழியே நேராக வரும் கதிரைக் குவிப்பது எளிது. சாய்ந்து வரும் கதிரிடம் வில்லை படாத பாடு படும். ஒரு புள்ளி ஒரு கோடாக நீளும். நிறங்கள் ஒன்றைவிட்டொன்று விலகும். போதாக்குறைக்கு, படம் குவியும் தளம் தட்டையாக இராமல் கிண்ணம்போல் வளையும். தகடோ தட்டை.

இந்தக் கிண்ணத்தோடு சண்டையிடாமல் சமாதானம் செய்துகொண்டவர் இங்கிலாந்தின் தாமஸ் சட்டன். 1859-இல் அவர் காப்புரிமை பெற்ற அகலக் காட்சி வில்லை, உள்ளே நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம். ஏறத்தாழ 120 பாகை பார்க்கும். படம் வளைந்துதான் குவியுமென்றால் தகட்டையும் வளைத்துவிடலாமே என்று வளைந்த கண்ணாடித் தகடுகளையே அதற்குப் பயன்படுத்தினார். அந்தத் தகட்டில் மருந்து பூசுவதையும் அதை அச்சிடுவதையும் எண்ணிப் பார்த்தால் அது ஏன் பரவவில்லை என்பது விளங்கும். அமெரிக்காவில் ஹாரிசனும் ஷ்னிட்சரும் 1862-இல் காப்புரிமை பெற்ற 'குளோப்' வில்லை தட்டைத் தகட்டிலேயே படம் தந்தது. அதன் புறப்பரப்புகள் இரண்டும் ஒரே கோளத்தின் பகுதிகள், பெயர்க்காரணம் அதுவே. ஓரம் ஒருவாறு தேறிற்று. ஆனால் படத்தின் நட்டநடுவில் வெளிறிய ஒளித்திட்டு ஒன்று விழுந்து மானத்தை வாங்கியது. 1866-இல் மியூனிக்கின் ஸ்டைன்ஹைலும் லண்டனின் டால்மேயரும் தனித்தனியே, முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பிம்பமாக அமைந்த வில்லைகளைக் கொண்டுவந்தனர். ஒரு பாதி செய்யும் கோணலை மறுபாதி நேர்செய்துவிடும். தூண் தூணாக நிற்கும். யார் முந்தியவர் என்ற சச்சரவு இலக்கிய உலகுக்கு மட்டும் உரியதன்று என்று தெரிந்துகொண்டோம்.

இவற்றுக்குச் சற்று முன், 1858-இல் தஞ்சையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். காகித எதிர்ப்படங்கள். சுவரோரமாகக் கருவியை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டினார்; நீளம் ஏறத்தாழ 19 அடி. ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்ற எங்கள் பேராசை அவரிடம் இல்லை.

யேனா நகரில் அப்பேயும் ஷோட்டும் 1880-களில் உருவாக்கிய புதுவகைக் கண்ணாடிகளால், 1890-இல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் கிண்ணத்தையும் புள்ளி கோடாவதையும் ஒருசேர அடக்க முடிந்தது. அதன் நுட்பங்களுக்குள் போகாமல், நம்மை மிகவும் கவர்ந்த வில்லைக்கு வருவோம். பெர்லினில் இருந்த கெர்ஸ் நிறுவனத்திற்காக எமில் ஃபான் ஹோயெக் 1900-இல் வடிவமைத்த 'ஹைபர்கான்' அது. மெல்லிய கண்ணாடிச் சிப்பிகள் இரண்டு எதிரெதிரே, வேறொன்றும் இல்லை. பார்வை ஏறத்தாழ 140 பாகை. புலம் தட்டை, கோடுகள் நேர். ஆனால் ஒளி, சாய்வு மிக மிகப் பெருவேகத்தில் குறையும் பண்புடையது. 45 பாகைச் சாய்வில் நடுவின் நான்கில் ஒரு பங்கு ஒளியே விழும். 70 பாகையில், அதாவது ஹைபர்கானின் மூலையில், எழுபதில் ஒரு பங்குதான். நடுப்பகுதி வெந்து கருகும்போது ஓரம் பச்சையாகவே இருக்கும். இதற்கு ஹோயெக் கண்ட வழி பொம்மைக்கடைத்தனமானது: வில்லையின் முன்னே நட்சத்திர வடிவச் சிறு காற்றாடி. ரப்பர்க் குமிழை அமுக்கினால் காற்று பாய்ந்து காற்றாடி சுழலும். நடுவிற்குச் செல்லும் ஒளியை அதன் இதழ்கள் மறைக்க, ஓரம் பொறுமையாக ஒளி குடிக்கும். இறுதியில் காற்றாடியை விலக்கி நடுவிற்கும் சிறிது ஊட்டுவார்கள். பிள்ளைகளுக்குச் சோறு பங்கிடும் தாயின் கணக்கு.

ஹைபர்கான் கூர்மையான வில்லையா? இங்கேதான் ஒப்பீடு என்பது வில்லையை மட்டும் பொறுத்ததன்று என்று புரியத் தொடங்கியது. அதன் துளை எஃப்/22. அவ்வளவு சிறிய துளையில், குறையே இல்லாத வில்லையும் ஒரு புள்ளியை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு அகலமுள்ள வட்டமாகவே வரையும். அது ஒளி அலையின் இயல்பு. பெரிய கண்ணாடித் தகட்டில் எடுத்து அதே அளவில் அச்சிட்டால் அந்த வட்டத்தைக் கண் அறியாது. அதே வட்டம் 35 மி.மீ. படச்சுருளில் விழுந்து பத்து மடங்கு பெருக்கப்பட்டால் எழுத்து மெழுகிவிடும். ஆகவே எந்தத் தகட்டில், எவ்வளவு பெருக்கி, எவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பது என்று சொல்லாமல் 'இது கூர்மை, அது மங்கல்' என்பது வெறும் பேச்சு.

மூலைக்கு உண்மையான மதிப்பு வந்தது விமானத்திலிருந்து நிலப்படம் வரையத் தொடங்கியபோது. சைஸின் ராபர்ட் ரிக்டர் 1933-இல் அமைத்த டோபோகான் 100 பாகை கண்டது. பின்னர் சோவியத் ஒன்றியத்தின் மிகயீல் ருசினோவும் சுவிட்சர்லாந்தின் வில்ட் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்ட்டலேயும், இரு முனைகளிலும் குழிந்த பெருங்கண்ணாடிகளை வைத்து, சாய்கதிருக்கு வில்லையின் துளை விரிந்ததுபோல் தோன்றச் செய்து, மூலை இருட்டை ஓரளவு வென்றார்கள். நில அளவையாளருக்கு மூலையில் இருப்பதும் ஊர்தான், வயல்தான்; அங்கே மங்கினால் எல்லைக்கல் தப்பிவிடும். அவர்கள் அளந்த முறை நமக்குப் பெரிதும் பிடித்திருந்தது. கறுப்பு வெள்ளைக் கோடுகள் வரவர நெருங்கும் அட்டையைப் படமெடுத்து, மில்லிமீட்டருக்கு எத்தனை கோட்டு இணைகள் பிரிந்து தெரிகின்றன என்று எண்ணுவது பழைய வழக்கம். அமெரிக்க விமானப்படையின் 1951-ஆம் ஆண்டு அட்டை இன்றும் புழக்கத்தில் உள்ளது. அளவையாளர்கள் அந்த எண்ணிக்கையை அது செல்லுபடியாகும் பரப்பால் பெருக்கிச் சராசரி கண்டார்கள். ஒரு வட்டத்தில் மையத்திலிருந்து பாதித் தொலைவுக்குள் அடங்கும் பரப்பு காற்பங்கே. முக்காற்பங்கு வெளியே இருக்கிறது. நடுவில் கூர்மை என்று விளம்பரப்படுத்தும் வில்லை காற்பங்குக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. 1969-இல் நிலவில் எடுத்த படங்களில் காணும் சிறு சிலுவைக் குறிகளும் இந்த அளவை மரபினவே. பெர்ட்டலே வழிவந்த பயோகான் வில்லைக்குப் பின்னே, கண்ணாடித் தகட்டில் சிலுவைகளைப் பொறித்து வைத்தார்கள், படம் எங்கே பிறழ்ந்தாலும் கண்டுபிடிப்பதற்காக.

கோடுகளை எண்ணும் முறையிலும் ஒரு குறை இருந்தது. மிக நுண்ணிய கோடுகளைச் சாம்பல்மேல் சாம்பலாகக் காட்டும் வில்லை, அந்த அளவு நுண்மை எட்டாவிட்டாலும் கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் காட்டும் வில்லையிடம் கண்ணளவில் தோற்றுப்போகும். எண்ணிக்கையில் முன்னது வெல்லும். படத்தில் பின்னதே கூர்மையாகத் தோன்றும். பிரான்சின் டுஃபியூ 1946-இல் வெளியிட்ட நூலும், ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் தொலைக்காட்சிக்காக உழைத்த ஓட்டோ ஷேட் செய்த ஆய்வுகளும் இந்தப் புதிருக்கு விடை தந்தன. இந்த நெருக்கத்தில் உள்ள கோடுகளின் மாறுபாட்டில் எத்தனை விழுக்காடு படத்தில் எஞ்சுகிறது என்று கேட்பதே அவர்கள் வழி. இன்று வில்லைகளோடு வெளியாகும் எம்.டி.எஃப். வரைபடம் அதுதான். இடப்பக்கம் படத்தின் நடு, வலக்கோடியில் மூலை. முழுச்சட்டத்தில் அந்தத் தொலைவு 21.6 மி.மீ. அகலக்கோண வில்லையின் வளைவுகள் வலப்பக்கம் சரியும் இடத்தைப் பார்த்தாலே நமது ௬ எங்கே தொலைந்தது என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் தருவது கணினி கணித்த வளைவு, சில தருவது செய்த வில்லையை அளந்த வளைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஜாதகத்தையும் ஆளையும் ஒப்பிடுவதுபோல.

பயோகான் போன்றவற்றின் பின்கண்ணாடி படச்சுருளை ஏறக்குறைய முத்தமிடும். ஒற்றைவில்லை எதிரொளிக் கேமராவிலோ அந்த இடத்தில் ஓர் ஆடி மேலும் கீழும் அசைய வேண்டும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவுக்கான 21 மி.மீ. வில்லையைப் பொருத்த, ஆடியைத் தூக்கிப் பூட்டிவிட்டுத் தனிக் காட்சிக்குழல் வழியே பார்க்க வேண்டியிருந்தது. பிரான்சின் அஞ்சென்யூ 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 35 மி.மீ. வில்லை, தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்ததுபோன்ற அமைப்பால் ஆடிக்கு இடம் விட்டது. ஆனால் சமச்சீர் போயிற்று; நேர்செய்ய மறுபாதி இல்லை; கோணலும் ஓரக் கரைவும் திரும்பி வந்தன. அடுத்த அரை நூற்றாண்டு அவற்றைத் திருத்துவதிலேயே கழிந்தது எனலாம். அண்மைப் பொருளைக் குவிக்கும்போது உள்கண்ணாடிகள் தனித்து நகர்ந்து ஓரத்தைக் காக்கும் ஏற்பாடு நிக்கானின் 24 மி.மீ. வில்லையில் 1967-இல் வந்தது. 2007-இல் வந்த 14-24 மி.மீ. வில்லையின் ஓரங்கள் ஒற்றைக்குவிய வில்லைகளையே நாணச் செய்தன. கேனன் கருவி வைத்திருந்தோரும் இணைப்பு வளையம் போட்டு அதை மாட்டிக்கொண்டார்கள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. 2018-இல் நிக்கான் ஆடியை அகற்றிய கருவிகளுக்கு மாறியபோது, வில்லைத் தளத்திலிருந்து உணரிக்குள்ள தொலைவு 46.5-லிருந்து 16 மி.மீ. ஆகக் குறைந்தது. 2020-இல் அதே அளவில் வந்த புது வில்லை 650 கிராம்தான். ஆடி வாங்கிய கடன் அது என்று கொள்ளலாம்.

இவ்வளவும் படித்தபின், இரவல் வில்லையையும் கல்லூரியில் இருந்த வேறிரண்டையும் செய்தித்தாள் ஒட்டிய சுவரின்முன் முக்காலியில் வைத்து ஒப்பிட்டோம். இரவல் வில்லையின் இடது மூலையில் செய்தித்தாளின் பொடியெழுத்தைப் படிக்க முடிந்தது; வலது மூலையில் தலைப்பே மங்கல். உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்க வேண்டும். ஒரே பெயர் பொறித்த இரண்டு வில்லைகளும் ஒன்றல்ல என்பதை எந்த வரைபடமும் எங்களுக்குச் சொல்லியிராது. அதற்குமேல் எங்கள் பிழையும் இருந்தது: குமுதம் முன்னே புடைத்து நிற்க, ஜகதி வேறு தளத்தில் இருக்க, துளையை அகலத் திறந்து வைத்து எடுத்திருந்தோம். எஃப்/8-க்குச் சுருக்கியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

அடுத்த விடுமுறையில் அதே கோயிலுக்குச் சாதாரண 50 மி.மீ. வில்லையோடு போய், டிரைப் செய்ததுபோலச் சுவரோரமாக நகர்ந்து துண்டு துண்டாக எடுத்தோம். பக்கவாட்டில் கைவிளக்கு பிடிக்க இரண்டு மாணவர்கள். இம்முறை ௯௰ ஐயமின்றித் தெரிந்தது. அதற்கடுத்த இடத்தில் கல் பொரிந்து உதிர்ந்திருந்தது. பொரிவின் விளிம்பில் சிறிய வளைகீற்று ஒன்று மட்டும் மிச்சம். ௬-இன் வால் அது என்கிறார் எங்கள் துறைத்தலைவர். உளி தவறிய தடம் என்று நாங்கள் எண்ணுகிறோம்.