வேலை போனா நடை ஏன் மெதுவாகுது?

காண்ட்ராக்ட் முடிஞ்சு மூணு மாசமா சொந்த ஊர் மண்டகப்பட்டுல இருக்கேன். அடுத்த வேலை எப்போன்னு தெரியல. மகேந்திரவர்மன் குகைக்கோயில் வரைக்கும் நடக்கவே சோம்பலா இருக்கு. இந்தச் சோம்பலுக்கு ஒரு வரலாறு உண்டு.

2014 நவம்பர் 1-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், பலருக்கு வயது இருபதுகளில்தான்.

வேலை போனால் மனசு என்னாகும்னு 1930-களிலேயே ஆஸ்திரியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். மரியந்தால் ஊரின் துணி ஆலை மூடிய பிறகு, மரீ யஹோடா குழுவினர் அங்கே போனார்கள். எல்லாருக்கும் நேரம் ஏராளம். ஆனாலும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நின்று நின்று நடந்தார்கள். ஆய்வு 1933-ல் நூலாக வந்தது.

சம்பளத்தோடு நாளுக்கு ஓர் ஒழுங்கையும் வேலை தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார். வீட்ல யாராவது இப்படி உட்கார்ந்திருந்தா சோம்பேறின்னு திட்டாதீங்க. நானும் என்னைத் திட்டுறதை நிறுத்தப் பார்க்கிறேன்.