கூண்டு ஏறிய கதை

"கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று வானொலி சொல்லும்போதெல்லாம் சின்ன வயதில் என் மனதில் ஒரு படம் ஓடும். ஆளுயரக் கிளிக்கூண்டு, அதற்குள் யாரோ ஒரு பாவப்பட்ட மனிதர், காற்று வருகிறதா என்று பார்க்க அவரைக் கம்பத்தின் உச்சிக்கு இழுத்து ஏற்றுகிறார்கள். ஓர் ஐப்பசி மாதம் சித்தப்பா சைக்கிளில் உட்காரவைத்துத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். உயரமான கம்பம், அதில் குறுக்குக்கட்டை, கயிற்றில் கறுப்பாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. மனிதரும் இல்லை, கிளியும் இல்லை.

"இவ்வளவுதானா சித்தப்பா?"

"இவ்வளவுதான்டா. கப்பல்காரனுக்கு இது போதும்."

ஏன் போதும் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. கொடி என்றால் காற்றில்லாத நேரத்தில் துவண்டு கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்றடித்தாலும் பக்கவாட்டில் நிற்பவனுக்குக் கோடாகத்தான் தெரியும். கூண்டாக ஏற்றும் கூம்பு அப்படியில்லை. கடலில் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் முக்கோணம்தான். உருளை எங்கிருந்து பார்த்தாலும் சதுரம்தான். நிறம் தெரியாத மங்கலிலும் வடிவம் தெரியும். இந்த வடிவங்களை முதலில் துறைமுகங்களில் தொங்கவிட்டவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய பீகிள் கப்பலின் அதே கேப்டன். 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் விளைவாக 1861 பிப்ரவரியில் ஃபிட்ஸ்ராய் தந்தி மூலம் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். வளையங்களில் கித்தான் துணியை இழுத்துக் கட்டிய கூம்பும் உருளையும் கம்பமேறின. கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து பெருங்காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. இரவில் அவற்றுக்குப் பதில் விளக்குகள்.

வடிவம் அங்கே பிறந்தது. ஆனால் நம் கூண்டு சொல்லும் சேதி வங்கக் கடலில் பிறந்தது. அதற்குக் கல்கத்தாவுக்குப் போகவேண்டும்.

அங்கே ஹென்றி பிடிங்டன் என்றொருவர் இருந்தார். முன்னாள் கப்பல் கேப்டன். கடல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவர் என்பதால் புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகள் அவர் மேசைக்கு வரும். எந்த மணிக்குக் காற்று எந்தத் திசை, பாரமானியில் பாதரசம் எவ்வளவு இறங்கியது என்பதையெல்லாம் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தார். காற்று நேராக ஓடவில்லை, சுருண்டது. பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தார். (நம் 'புயல்' பழந்தமிழில் மேகத்தைக் குறித்தது. சுழற்சி 'சூறாவளி'யில்தான் இருக்கிறது.)

1848இல் மாலுமிகளுக்காக அவர் ஒரு புத்தகம் போட்டார். அதோடு ஒளி ஊடுருவும் அட்டைகளும் உண்டு. பூமியின் வடபாதிக்கு ஒன்று, தென்பாதிக்கு ஒன்று. சுழலும் காற்றின் அம்புகள் வட்டமாக வரைந்திருக்கும். நடுக்கடலில் காற்று திரும்பினால் கேப்டன் அட்டையைத் தன் வரைபடத்தின்மேல் வைத்து, தனக்கு அடிக்கும் காற்றோடு அம்பு பொருந்தும்வரை நகர்த்தவேண்டும். வட்டத்தின் மையம் எங்கே விழுகிறதோ அங்கே புயலின் மையம். நம் பக்கக் கடலில் காற்றை எதிர்கொண்டு நின்றால் மையம் வலக்கைப் பக்கம் என்பதன் அச்சு வடிவம்தான் அது.

கேப்டன்கள் அவரை மதித்தார்கள். அரசாங்கம் அவ்வளவாக மதிக்கவில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றின் கரையில் புதுத் துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, புயல் கடலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் வரும், வேண்டாம் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். காதில் போட்டுக்கொள்ளாமல் போர்ட் கேனிங்கைக் கட்டினார்கள். 1867இல் புயல் வந்து அதை முடித்துவிட்டுப் போனது. பார்க்கப் பிடிங்டன் இல்லை. 1858இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

போர்ட் கேனிங் அழிவதற்கு முன்பே, 1864 அக்டோபர் 5 அன்று, கல்கத்தா அடி வாங்கிவிட்டது. புயல் ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறியபோது கடலும் கூடவே ஏறியது. கரையோரக் கிராமங்கள் மூழ்கிச் செத்தவர்கள் ஐம்பதாயிரம் அளவில். துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பழுதில்லாமல் தப்பியவை வெகு சில. அடுத்த மாதமே இன்னொரு புயல் மசூலிப்பட்டினத்தைச் சுருட்டியது. அத்தனை சாவுக்குப் பிறகுதான் கேள்வி வந்தது: கீழே முகத்துவாரத்துச் சாகர் தீவுப் பக்கம் பாதரசம் இறங்கும்போதே மேலே கல்கத்தாவுக்குத் தந்தி அடித்திருக்கலாமே? 1865இல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. நாட்டில் அதுதான் முதல்.

அந்தக் கல்கத்தாப் புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவரைத் திருச்சிக்காரர்கள் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம். நிலவியல் ஆய்வாளராக அரியலூர், ஊட்டத்தூர் வெயிலில் அலைந்து, ஒரு காலத்தில் கடலடியாக இருந்த அந்தப் பாறைகளைத் தரம்பிரித்தவர் அவர். வற்றிப்போன கடலைப் படித்தவரைக் கொந்தளிக்கும் கடலைப் படிக்கவைத்தது 1864. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானபோது முதல் தலைவர் அவரே.

வங்கக் கடல் ஏன் இப்படிப் புயலைப் பெற்றுத்தள்ளுகிறது என்பதன் முழு விடை அவர் காலத்தில் கிடைக்கவில்லை. மேல்தண்ணீர் ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதுவும் நல்ல ஆழம்வரை சூடாக இருந்தால், அதிலிருந்து எழும் ஆவி மேலே குளிர்ந்து மழையாகும்போது விடும் வெப்பமே புயலுக்குத் தீனி. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் படலமாக மிதப்பதால், அடியிலுள்ள குளிர்ந்த நீர் சுலபத்தில் மேலே கலக்க முடியாது. மேலே சூடு சூடாகவே நிற்கும். பிளான்ஃபோர்ட் காலத்தவருக்கோ கையிலிருந்தது பாரமானியும் தந்திக்கம்பியும்தான். வானிலைச் செயற்கைக்கோள் வர 1960 ஆகவேண்டியிருந்தது.

ஒவ்வொன்றாக மற்றத் துறைமுகங்களும் கல்கத்தாவைப் போல எச்சரிக்கை ஏற்பாட்டில் சேர்ந்தன. துறைமுகத்துக்குத் துறைமுகம் முறை மாறினால் கப்பல்காரன் என்ன செய்வான்? 1898 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் ஒரே முறை வந்தது. சிறு மாற்றங்களோடு அதுவேதான் இன்றும் நடப்பது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். எண் கூடக்கூடப் புயலின் பலம் கூடுகிறது என்றே தேநீர்க்கடை முதல் தொலைக்காட்சிவரை பேசுகிறோம். கூண்டு காற்றை மட்டும் அளக்கும் கோல் அல்ல. கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் புயல் எந்தப் பக்கம் என்று சொல்லும் குறிப்பு. ஒன்றும் இரண்டும் தொலைதூரச் சமாச்சாரம்: கடலில் எங்கோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஒன்றுமில்லை, வெளியே போகிற கப்பல் பார்த்துப் போ. மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்துக்கே. ஐந்து, ஆறு, ஏழு மூன்றுமே 'அபாயம்'. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் போனால் ஐந்து, வலப்பக்கம் விட்டுப் போனால் ஆறு, நேராக மேலேறினால் ஏழு. அதே மூன்று நிலை, புயல் கடும்புயலானால், எட்டு, ஒன்பது, பத்து.

இந்த இடம் வலம் பேசுவது சும்மா இல்லை. கிழக்கிலிருந்து நம் கரைக்கு வரும் புயலின் வலக்கை வடக்கு. கரையேறும் இடத்துக்கு வடக்கே கொண்டல் என்னும் கீழைக்காற்று கடலைத் தெருவுக்குள் தள்ளும். தெற்கே காற்று தரையிலிருந்து அடித்துக் கடலை உள்வாங்க வைக்கும். ஒரே புயல்தான். ஆனால் ஓர் ஊரில் வீட்டுக்குள் தண்ணீர், நாற்பது மைல் தள்ளி இன்னோர் ஊரில் பையன்கள் வெறும் மணலில் கிளிஞ்சல் பொறுக்குவார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் அது.

பத்தோடு முடிந்ததென்றுதான் சித்தப்பாவும் நினைத்திருந்தார். பதினொன்று உண்டு. பத்தைவிடப் பயங்கரமான புயலா என்றால் இல்லை. அது காற்றைப் பற்றியே பேசுவதில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாமென்று துறைமுக அதிகாரி தானாகவே கருதுகிறார் என்று பொருள். தந்திக்கம்பியை நம்பிப் பிறந்த ஓர் ஏற்பாடு, கம்பி அறுந்தால் என்ன செய்வதென்றும் யோசித்து ஒரு கூண்டைத் தயாராக வைத்திருந்தது.