இலக்கு யார்? ரேடியோ சிலோன் முதல் கைபேசி வரை நம்மை எண்ணிய கதை

உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளைகள் மனனம் செய்யும் சொற்களில் ஒன்று "இலக்குப் பார்வையாளர்". ஒரு பாட்டுக் காட்சி, ஒரு சஞ்சிகை, ஒரு விளம்பரம் யாரைக் குறிவைத்துச் செய்யப்படுகிறதோ அவர்கள்தான் இலக்கு. பரீட்சைக்கு இவ்வளவு போதும். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையான இந்தக் கரையில் படிப்பிக்கும் எங்களுக்குப் போதாது. இந்தச் சொல்லுக்கு நமது நாட்டிலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நாமும் இருக்கிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் 1882. அந்த ஆண்டில் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். தலைப்பைக் கவனியுங்கள். வாசகர் யார் என்பது பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு ஒராபி பாஷா இலங்கைக்கு வந்தபோது அந்தச் செய்திகளை நம்மவர்கள் தமிழில் வாசித்தார்கள். ஆங்கிலக் கல்வி வேண்டும், பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற வாதங்களையும் தமிழில் வாசித்தார்கள். சித்திலெப்பை தேடியது சந்தை அல்ல, விழித்தெழ வேண்டிய ஒரு சமூகம். ஆனாலும் "என் வாசகர் யார்? அவருக்கு எந்த மொழி புரியும்? அவர் எதற்குக் காது கொடுப்பார்?" என்ற கேள்விகளை அவரும் கேட்டிருக்கத்தான் வேண்டும். இன்றைக்கு ஒரு விளம்பர நிறுவனம் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். நோக்கம்தான் வேறு.

அடுத்தது வானொலி. கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படையினருக்காக அமைக்கப்பட்ட ரேடியோ சீக் நிலையத்தின் பலமான சிற்றலைப் பரப்பிகள் போருக்குப் பிறகு ரேடியோ சிலோனின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட் அதைக் கட்டியெழுப்பினார். படையினருக்குப் பேசிய இயந்திரம் சவர்க்காரமும் பற்பசையும் விற்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து இந்தியாவில் ஒரு கதவு மூடப்பட்டது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளைக் கட்டுப்படுத்தினார். அவை ரசனையைக் கெடுக்கின்றன என்பது அவர் நிலைப்பாடு. அங்கே விளம்பரத்துக்கும் இடமில்லை, 1967இல்தான் அது வந்தது. கோடிக்கணக்கான காதுகள் சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்தன, கம்பனிகள் அந்தக் காதுகளுக்காகக் காத்திருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்தது கொழும்பு. 1952 டிசம்பரில் "பினாக்கா கீத்மாலா" என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பினாக்கா என்பது சீபா கம்பனியின் பற்பசை. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, இங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன, பிறகு வாரத்துக்கு 65,000 வரை போனது என்று அதை நடத்திய அமீன் சயானி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்பவர்கள் எத்தனை பேர், எந்த ஊரவர்கள் என்று கம்பனிக்கு வேறு கணக்கெடுப்புத் தேவைப்படவில்லை. கடிதக் கட்டே கணக்கு.

இங்கே பிள்ளைகளுக்கு நாங்கள் தவறாமல் சொல்லும் ஒரு விடயம் உண்டு. அமீன் சயானியின் தாயார் குல்சும் சயானி. வயது வந்த பிறகு எழுத்துப் படித்தவர்களுக்காக "ரஹ்பர்" என்ற சஞ்சிகையை நடத்தியவர். எளிய ஹிந்துஸ்தானி மொழியை தேவநாகரி, உருது, குஜராத்தி என்ற மூன்று எழுத்துகளில் அச்சிட்டார். யார் எந்த எழுத்தைப் படித்திருந்தாலும் ஒரே பேச்சு எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தச் சஞ்சிகை வேலையில் கைகொடுத்து வளர்ந்த மகன், அதே எளிய மொழியை வானொலிக்குக் கொண்டு வந்தார். தாய் பார்வையாளரை அறிந்தது அவர்களைப் படிப்பிக்க. மகன் அறிந்தது பாட்டும் பற்பசையும் கொடுக்க. வித்தை ஒன்றுதான்.

இனி நமது தமிழ்ச் சேவை. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்களைத் தமிழ்நாட்டின் கிராமங்களும் அறிந்திருந்தன. "பொங்கும் பூம்புனல்", "நீங்கள் கேட்டவை", "பாட்டுக்குப் பாட்டு" என்று நிகழ்ச்சிகளைச் சொன்னாலே நமது மூத்தவர்களின் முகம் மலரும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் இந்தப் பக்கம் வலை காயப்போடுபவரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

பாட்டு விருப்பத்துக்குப் போஸ்ட்காட் போட வேண்டும். பெயர், ஊர், விரும்பும் பாட்டு. அறிவிப்பாளர் அதை வாசிக்கும்போது கற்பிட்டியும் புத்தளமும் நாடு முழுக்கக் கேட்டது. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியைப் பற்றி நமது ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். வாழ்த்துபவர்கள் பட்டியலில் அப்பா, அம்மாவோடு உம்மா, வாப்பா, ராத்தா, நானா, சாச்சா, சாச்சி என்ற நமது வீட்டுச் சொற்களும் வந்தன. சினிமாவிலும் சஞ்சிகைக் கதையிலும் அருமையாக மட்டுமே கேட்ட சொற்கள் அவை. அவற்றை வானொலிக்குள் கொண்டுபோனவர்கள் ஐந்து சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் கணக்குப் பார்த்து அஞ்சலட்டை வாங்கிய சாதாரண மனிதர்கள்.

நமக்கென்று முஸ்லிம் சேவையும் இருந்தது. நோன்பு காலத்தில் அதன் பெறுமதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் முஸ்லிம்களாக அழைக்கப்பட்டோம். மற்ற நேரங்களில் அதே சவர்க்காரத்தை வாங்கும், அதே பாட்டைக் கேட்கும் வெறும் நேயர்கள். விளம்பரத்துக்குள் இருந்த குடும்பத்தில் நமது குடும்பம் இல்லை. நம் பணம் கணக்கில் இருந்தது, நம் வீடு காட்சியில் இல்லை.

பாட்டிலும் இப்படித்தான். நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே", ஏ.ஈ. மனோகரனின் "சுராங்கனி" போன்ற பொப் பாடல்கள் வந்தபோது, இந்தியச் சினிமாத் தமிழ் அல்லாத இந்த நாட்டுப் பேச்சு பாட்டில் ஒலித்தது. மீன் வாசமும் பைலா தாளமும் நமது கரைக்கு அந்நியமல்ல. அந்தப் பைலாவின் வேர்களில் ஒன்று புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்சா இசையோடு உறவுடையது. இன்றைக்குப் பைலா தாளம் எத்தனையோ விளம்பரங்களில் வருகிறது. அந்த மக்கள் எப்போது வருகிறார்கள்? உல்லாசப் பயணிகளுக்கு ஆடிக் காட்டும்போது.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் சிங்களத்தில் அசையும் வாய்க்குத் தமிழ்க் குரல் கொடுத்தார்கள். இன்றும் பெரும்பாலும் அதே வழக்கம்தான். அதாவது தமிழ் பேசுபவர் வாங்குபவராக எண்ணப்பட்டார், ஆனால் அவருக்கென்று தனியாக ஒரு காட்சி எடுக்கும் அளவுக்கு அல்ல. நாடகங்களில் உடைந்த சிங்களம் பேசும் கடைக்கார நானா வந்தார். விளம்பரத்தில் நாம் வருவது பெரும்பாலும் ரமழானில், தொப்பியோடும் பேரீச்சம்பழத்தோடும். மற்ற பதினொரு மாதமும் நாம் தேநீர் குடிப்பதில்லை போலும்! உப்புப் பாக்கெட்டின் வெண்மையைக் காட்டுவார்கள், உப்பளத்து வெயிலில் நிற்கும் பெண்ணைக் காட்ட மாட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு நமது மாவட்டத்துக்கு வந்த மக்கள், செய்தியில் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கும் அகதிகளாக மட்டுமே தெரிந்தார்கள். அவர்களுக்குள் ஆசிரியரும் கவிஞரும் தையற்காரரும் இருந்தார்கள்.

காட்டாமல் விடுவது ஒரு வகை. தவறாகக் காட்டுவது இன்னொரு வகை. "இலக்கு" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதை 2013இல் நாம் உணர்ந்தோம். ஹலால் இலச்சினை என்பது ஒரு பொருளை வாங்குபவருக்குச் சொல்லும் சிறு தகவல். அதை நாட்டையே பிடிக்க வந்த அடையாளமாகக் காட்டும் பிரசாரம் எழுந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் உள்ளூர்ப் பொருட்களிலிருந்து இலச்சினையை விலக்கிக்கொள்ள ஜம்இய்யத்துல் உலமா இணங்கியது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர் அமைதியாக வாசித்தார், யாருக்காக எழுதப்படவில்லையோ அவர் கோபமாக வாசித்தார்.

2019 மே 12. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து மூன்று வாரம். நாடு துக்கத்திலும் பயத்திலும் இருந்தது. நமது மாவட்டத்துச் சிலாபத்தில் ஒரு வியாபாரி பேஸ்புக்கில் ஒருவருக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருளில் ஒரே வரி. அதை இன்னொரு தாக்குதலுக்கான மிரட்டல் என்று வாசித்துப் பரப்பினார்கள். பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல் விழுந்தது. அடுத்த நாள் கலவரம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் பரவியது. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. நமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஓர் உயிர் போனது. அதற்கு முந்திய ஆண்டு திகனையில் நடந்ததில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்காரருக்கு அந்த மன்னிப்பு எந்த மொழியில் போய்ச் சேர்ந்ததோ!

இந்த வரலாற்றை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறோம்? போஸ்ட்காட் காலத்தில் நேயர் தானாக விரும்பித் தன் பெயரைக் கொடுத்தார். எதைக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். இன்று நமது பிள்ளை எதையும் எழுதத் தேவையில்லை. எந்தப் பாட்டுக் காட்சியில் விரல் நின்றது, எத்தனை வினாடி நின்றது, எந்த ஊரில், எந்த மொழியில் என்று கைபேசியே எழுதி அனுப்புகிறது. அந்தக் கணக்கை வைத்து அடுத்த காட்சி வருகிறது. கோபத்தில் விரல் நின்றால் கோபமூட்டும் காட்சியே திரும்பத் திரும்ப வரும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையின் கைபேசியில் நம்மைப் பற்றி என்ன வருகிறது என்று நமக்குத் தெரியாது. நமது கைபேசியில் அவர்களைப் பற்றி வருவது அவர்களுக்கும் தெரியாது. ரேடியோ சிலோன் காலத்தில் ஊரே ஒரே பாட்டைக் கேட்டது. இன்று ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து உலகம்.

வகுப்பில் நாங்கள் செய்வது எளிமையான வேலை. ஒரு விளம்பரத்தைச் சத்தமில்லாமல் ஓடவிடுவோம். சமைப்பது யார், சாப்பிடுவது யார், கார் ஓட்டுவது யார், தேநீர் கொண்டு வருவது யார் என்று பிள்ளைகள் எழுத வேண்டும். பிறகு ஒரு கேள்வி: "இதில் உன் உம்மா எங்கே?" சிலர் சிரிப்பார்கள், சிலர் யோசிப்பார்கள். கடைசியாக, காட்சியில் இல்லாத ஒருவரை வைத்து அதே விளம்பரத்தை மீண்டும் எழுதச் சொல்வோம். மீனவர், உப்பளத் தொழிலாளி, இடம்பெயர்ந்து வந்த குடும்பம், பக்கத்துச் சிங்கள ஊர்ப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை: கேலிப் பாத்திரமாகவோ பரிதாபப் பாத்திரமாகவோ வரக் கூடாது.

பெற்றோரும் வீட்டில் இதைச் செய்யலாம். தடை போடுவதை விடப் பக்கத்தில் உட்கார்ந்து "இது ஏன் உனக்கு வந்தது?" என்று கேட்பது பலன் தரும். வீட்டில் பழைய வானொலி அனுமதிப்பத்திரம், சஞ்சிகை, பாட்டுப் புத்தகம், பாட்டு ஒலித்த பெட்டி ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பாடசாலைக்குத் தாருங்கள். வாழ்த்து நிகழ்ச்சியில் தன் பெயர் வாசிக்கப்பட்ட மூத்தம்மாவோ அப்பாவோ இருந்தால், ஒரு நாள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு பேசச் சொல்லுங்கள்.