அம்பாசடர் வயரிங்: மூலமும் இடைச்செருகலும்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர்க் கணவாயில் இறங்குகையில் காரின் முகப்பு விளக்குகள் இரண்டும் ஒருசேர அணைந்தால் என்ன நேரும் என்பதை எங்கள் பக்கத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2001-இல் ஓர் இரவு அது எங்களுக்கு நேர்ந்தது. பின்னால் லாரி. அப்பா சாலையின் வெள்ளைக் கோட்டை நினைவில் வைத்தே வண்டியை ஓரங்கட்டினார். பானெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது. வழியோர எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏதோ இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றி, அரைமணி நேரத்தில் எங்களை அனுப்பிவைத்தார்.

அரசு ஏலத்தில் அப்பா எடுத்த 1972-ஆம் ஆண்டு அம்பாசடர் அது. அந்த முறுக்கை நாங்கள் பிரித்துப் பார்த்தது சென்ற ஆண்டில்தான்.

அம்பாசடருக்கு மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார் என்பது பலரும் அறிந்தது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014-இல் நின்றது. உடலோடு நரம்பும் சேர்ந்தே வந்தது. பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம் பிரிட்டிஷ் கார்களுக்கு வகுத்த வண்ண முறை ஒரு நல்ல இலக்கணம். பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர்பெறுவது. பச்சை, அதே மின்சாரம் ஃப்யூஸைக் கடந்தபின். நீலம் முகப்பு விளக்குக்கு, சிவப்பு பின்விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு. ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணக் கோடு ஓடினால் அது கிளை. 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் தோன்றி, சென்னை பாடியில் மின்கருவிகள் செய்யத் தொடங்கியபின் இந்த இலக்கணம் நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் பழக்கமாயிற்று. படிக்காத பையன்கூட 'பிரவுன் எப்பவும் உசுரோட இருக்கும்' என்று அறிந்திருந்தான்.

ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வது பழைய பிரிட்டிஷ் கார் பிரியர்களின் வழக்கம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். அக்கால ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது உண்மை. பெரும்பாலும் இரண்டே ஃப்யூஸ்கள்; முகப்பு விளக்கின் பாதையில் ஃப்யூஸே கிடையாது. விளக்குக்கான மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்சின் வழியாகவும், காலால் மிதிக்கும் டிம் சுவிட்சின் வழியாகவும் போய்வர வேண்டும். ஈரச் செருப்போடு மிதித்து மிதித்து அந்தச் சுவிட்ச் துருப்பிடிக்கும்.

ஆயினும் எங்கள் வண்டியை எரித்தது மூலம் அல்ல. 12 வோல்ட்டில் 45 வாட் பல்புகள் இரண்டுக்கு ஏழரை ஆம்பியர் போதும். யாரோ 100 வாட் ஹாலஜன் பல்புகளை மாட்டியிருந்தார்கள். அதற்குப் பதினாறரைக்கு மேல் வேண்டும். அதே வயரில் சூடு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். போதாதற்கு, 28 இழை ஓடவேண்டிய இடத்தில் வீட்டு வயர் ஒன்றை ஒட்டுப்போட்டிருந்தார்கள். சில தடித்த கம்பிகளே கொண்ட வீட்டு வயர் சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்யப்பட்டது. ஓடும் வண்டியின் அதிர்வில் இழை இழையாக அறும்.

டேப்பைச் சுரண்டிப் பிரித்தபோது தர்மபுரி எலக்ட்ரீஷியன் பெரியவர் சொன்னார்: "சார், இதுல ஏழெட்டுப் பேரு கை இருக்குது."

ஏடு பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் சொல் சட்டென்று பிடிபட்டது. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் வைத்தவர், பழைய கட்-அவுட் பெட்டியை எடுக்காமல் வயர்களின் சந்திப்பாக மட்டும் விட்டிருந்தார். கேசட் பிளேயருக்கு ஒரு வயர். சிறு மின்விசிறிக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, கூரைக்கு ஏறும் மஞ்சள் வயர் ஒன்று. அதிகாரி யாரோ பயணம் செய்த நாளில் சுழல்விளக்குக்குப் போட்டது. விளக்கு போய் எத்தனையோ ஆண்டுகளாகியும் அதன் அறுந்த நுனியில் மின்சாரம் இருந்தது.

பெரியவர் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பாடியில் கவ்வவைத்து, மறுமுனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். பாதிக் கோளாறு எர்த்தில். பெயின்ட்டின் மேலேயே திருகி வைத்த இணைப்புகள். சுரண்டி உலோகத்தைக் காட்டியதும் பின்விளக்குகள் உயிர்பெற்றன. மற்றவற்றுக்குப் புது வயரிங் செட், பழைய வண்ணங்களிலேயே.

தகராறு ஒரே இடத்தில் வந்தது. முகப்பு விளக்குக்கு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தனிப்பாதை தரவேண்டும் என்றார் அவர். சுவிட்ச் கட்டளை மட்டும் இடும். சுமை அதன் மேல் ஏறாது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவதற்கு 2021-இல் விதி வந்திருக்கிறது. சட்டகத்தையும் உடலையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது அது. வயரைப் பற்றியது அல்ல. ஆனாலும் மூலத்தில் இல்லாததைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. "தொப்பூர்ல இறங்குறது நீங்கதானே சார்?" என்று கேட்டார்.

ரிலே வைத்தோம். நூறு வாட் பல்புகளைக் கழற்றிவிட்டோம். மஞ்சள் வயரை உருவியெடுத்தார். அதன் சுவிட்சை மட்டும் டாஷ்போர்டிலேயே விடச் சொன்னேன். எதனோடும் இணைக்காமல் இருக்கிறது.